12 பேருக்கு ஒரு மெக்சிகன் நொறுக்குப் பலகை: எதை எப்போது செய்வது

டிசம்பர் 16 முதல் 24 வரை மெக்சிகோக்காரர்களுக்குப் போசாதா நாட்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொண்டாட்டம். மாலையில் ஒரு வீட்டில் கூடிப் பாடுவார்கள், பிஞ்ஞாத்தா என்ற மிட்டாய் அடைத்த பொம்மையை உடைப்பார்கள், அப்புறம் சாப்பாடு. நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். எங்கள் தெருவில் மெக்சிகோக் குடும்பங்கள் நிறைய. அந்த நாட்களில் ஆளுக்கொரு தட்டு கொண்டுபோவது வழக்கம், எங்கள் வீட்டுப் பங்கு போத்தானா பலகை. போத்தானா என்றால் குடிப்பதற்கும் அரட்டைக்கும் நடுவே கொறிக்கிற தீனி. செய்யக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா, பூர்வீகம் மெக்சிகோவின் புவெப்லா.

சில வருடங்களாக நண்பர்கள் பலர் என்னோடு நின்று இதைச் செய்து பழகியிருக்கிறார்கள். யாருமே செய்முறையில் தவறவில்லை. தவறியது நேரத்தில்தான். எல்லாவற்றையும் முதல் நாள் இரவே செய்து, மறுநாள் மதியமே பலகையில் அடுக்கிவிடுவார்கள். ஆட்கள் வரும்போது சிப்ஸ் நமுத்திருக்கும், குவாக்கமோலே (அவகாடோ மசியல்) கறுத்திருக்கும், பழத்தின் தண்ணீர் சீஸுக்கு அடியில் குளம் கட்டியிருக்கும். ஈரமான பொருளும் உலர்ந்த பொருளும் எவ்வளவு தாமதமாகச் சந்திக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பலகை நன்றாக இருக்கும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதை வைத்துத்தான்.

கணக்கு 12 பேருக்கு. விருந்து மாலை 6 மணிக்கு, இரவுச் சாப்பாடு தனியாக உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். பலகையே சாப்பாடு என்றால் மசித்த கறுப்பு பீன்ஸையும் தொத்தோபோஸ் என்ற பொரித்த சிப்ஸையும் இரட்டிப்பாக்குங்கள், மற்றவை அப்படியே போதும்.

1. கடைக்குப் போகும் முன்

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். எத்தனை பேர் சைவம்? யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை உண்டா? குழந்தைகள் எத்தனை பேர்? கடலை ஆகாதவர் இருந்தால் சால்சா மாச்சா என்ற கடலை சேர்த்த காரச் சட்னியையும் மிளகாய்க் கடலையையும் பலகையில் ஓர் ஓரமாக வைத்தால் போதாது. அவற்றைச் செய்யாமலே விட்டுவிடுங்கள். ஒரே கரண்டி நாலு கிண்ணத்துக்குள்ளும் போய்வருவதைத் தடுக்க முடியாது.

பலகை 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் இருந்தால் 12 பேருக்குச் சரியாக இருக்கும். மரப்பலகை இல்லையென்றால் பெரிய தாம்பாளம் போதும். மேலே வாழையிலை விரிக்கலாம். இது நம் பழக்கத்தைக் கொண்டுபோய்த் திணிப்பது ஆகாது. மெக்சிகோவின் ஒஹாக்காவில் தமால் என்ற கொழுக்கட்டை போன்ற பண்டத்தைக் கட்டுவதும் யுகத்தானில் இறைச்சியைப் பொதிந்து வேகவைப்பதும் வாழையிலையில்தான். மெக்சிகன் கடைகளில் உறையவைத்த இலை கிடைக்கும்.

சிறு கிண்ணங்கள் ஏழு, அகலமாக, உயரம் 5 செ.மீ.க்கு மேல் போகாமல். உயரமான கிண்ணமென்றால் சிப்ஸ் அடி வரைக்கும் எட்டாமல் உடையும்.

2. ஐந்து நாள் முன்: வாங்குவது

முதலில் அவகாடோ, ஏனென்றால் அதற்குத்தான் நாள் கணக்கு வேண்டும். ஹாஸ் ரகம், ஆறு பழம், ஆளுக்குப் பாதி. கல்லாக இருப்பதையே வாங்குங்கள். அறை வெப்பத்தில் நாலைந்து நாளில் பழுத்துவிடும். கடையில் ஏற்கெனவே மெத்தென்று இருப்பதைப் பத்து பேர் அமுக்கிப் பார்த்திருப்பார்கள், வெட்டினால் உள்ளே கறுப்பு நரம்பு ஓடியிருக்கும். பழுக்கத் தாமதமானால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மூடுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு அவகாடோவையும் பழுக்க வைக்கும். பழுத்தது முன்கூட்டியே வந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். பழுக்காததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அங்கே பழுப்பது நின்றுபோகும்.

எலுமிச்சை 15. மெக்சிகோவில் லிமோன் என்றால் சின்னதாக, பச்சையாக, மெல்லிய தோலோடு இருக்கும் பழம். நம் ஊர் எலுமிச்சையும் அதே இனம். அமெரிக்கக் கடைகளில் இருக்கும் பெரிய மஞ்சள் லெமனைத் தவிருங்கள், வாசனையே வேறாகிவிடும்.

தொமாத்தீயோ அரை கிலோ. காகிதம் போன்ற உறைக்குள் பச்சைத் தக்காளி மாதிரி இருக்கும். வயல் வரப்பில் சொடக்குத் தக்காளி பறித்துத் தின்றவர்களுக்கு அந்த உறையைப் பார்த்ததும் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே குடும்பத்தில் நெருங்கிய சொந்தம். உறை நிறைந்து இறுக்கமாக இருப்பதை எடுங்கள். உறைக்குள் பழம் ஆடினால் வாடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சோள தொர்த்தியா 30, அதாவது மக்காச்சோளத்தில் தட்டிய மெல்லிய ரொட்டி. கோதுமை தொர்த்தியா வேண்டாம், பொரித்தால் பூரி போலக் குமிழ் விடும், சால்சாவில் தோய்த்ததும் துவளும். வீட்டிலேயே தொர்த்தியா தட்டுகிறவர்கள் மாசா மாவுதான் வாங்க வேண்டும். அது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து உலர்த்தியது. அந்தச் சுண்ணாம்புதான் மாவுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது. சாதாரண மக்காச்சோள மாவில் முயன்றால் கையிலேயே பிளந்துபோகும். நான் இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் குப்பைக்குத்தான் போனது.

சீஸில் இரண்டு போதும். கேசோ ஃப்ரெஸ்கோ, வெள்ளையாக மென்மையாக இருப்பது, 300 கிராம். கோத்திஹா, உப்பும் கடினமும் கூடியது, மேலே உதிர்த்துத் தூவ 100 கிராம். மிச்சோவகான் மாநிலத்தில் கோத்திஹா என்ற ஊர் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது.

சைவ விருந்தினர் இருந்தால் உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ரெனட் என்று மட்டும் இருந்தால் அது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். நுண்ணுயிர் ரெனட், காய்கறி ரெனட் என்று தெளிவாக எழுதியிருந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால் கேசோ ஃப்ரெஸ்கோவுக்குப் பதில் பனீர் வாங்கிக் கொஞ்சம் கூடுதலாக உப்புப் போட்டு உதிர்த்துக்கொள்ளுங்கள். இதேபோல டப்பாவில் வரும் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பது சாதாரணம். மாந்தேக்கா என்ற சொல்லைத் தேடுங்கள்.

சிச்சரோன் என்ற பெயரில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று பொரித்த பன்றித்தோல். இன்னொன்று சிச்சரோன் தே ஹரீனா, கோதுமை மாவில் சக்கர வடிவில் செய்து காயவைத்த வத்தல். எண்ணெயில் போட்டதும் நம் குழல் அப்பளம் மாதிரி விரியும். சைவத்துக்கு இரண்டாவதை வாங்குங்கள், பெயர் கேட்டு ஏமாறாதீர்கள்.

மற்றவை: ஹலபேனோ மிளகாய் கால் கிலோ, செர்ரானோ மிளகாய் பத்து, வெள்ளை வெங்காயம் ஐந்து, ரோமா தக்காளி எட்டு, கேரட் இரண்டு, கொத்தமல்லி மூன்று கட்டு, காய்ந்த கறுப்பு பீன்ஸ் 250 கிராம், காய்ந்த சிலே தே ஆர்போல் மிளகாய் ஒரு கைப்பிடி, பூண்டு, தோல் நீக்கிய கடலை, எள், தஹீன் மசாலா (மிளகாய், எலுமிச்சை, உப்பு கலந்த தூள்) ஒரு புட்டி. பழமும் வெள்ளரியும் விருந்துக்கு முதல் நாள் வாங்கினால் போதும்.

3. இரண்டு நாள் முன்: ஊறுவதும் எண்ணெயில் கிடப்பதும்

எஸ்கபேச்சே என்பது ஹலபேனோ ஊறுகாய். காரம் வினிகரில் இறங்க ஒரு நாளாவது வேண்டும், அதனால் இதுதான் முதல் சமையல். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் எட்டுப் பல் பூண்டு, வளையமாக நறுக்கிய இரண்டு கேரட், ஒரு வெங்காயம், ஹலபேனோ எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் வதக்குங்கள். ஒன்றரைக் கப் வினிகர், ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி ஓரிகானோ, கொஞ்சம் மிளகு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கேரட் அரைவேக்காடு ஆனதும் நிறுத்தி, ஆறியதும் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வதக்காமல் பச்சையாகப் போட்டால் இரண்டு நாளில் கேரட் ஊறாது. முழுக்க வேகவிட்டால் ஹலபேனோ கொழகொழவென்று ஆகிவிடும்.

மிளகாய் நறுக்கும்போது கையுறை போடுங்கள். மறந்துவிட்டால் கையில் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். காரம் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீரில் கழுவினால் கை முழுக்கப் பரவும்.

அடுத்து சால்சா மாச்சா. வெராக்ரூஸ் பக்கத்துச் சரக்கு. தண்ணீரே சேராத சால்சா என்பதால் நமுத்துப்போகும் பயம் இல்லாமல் சிப்ஸுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஒரு கப் எண்ணெயைச் சிறு தீயில் சூடாக்கி ஆறு பல் பூண்டைப் பொன்னிறமாக்கி எடுங்கள். அதே எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு கப் கடலையை வறுத்து எடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு 15 காய்ந்த மிளகாயையும் இரண்டு மேசைக்கரண்டி எள்ளையும் போட்டு அரை நிமிடம் கிளறி, மிளகாய் நிறம் மாறியதும் உடனே வடித்து எடுங்கள். எரிகிற அடுப்பில் போட்டால் மிளகாய் கருகும். கருகினால் கசப்பு புட்டி முழுவதும் ஏறும், அதற்கு மாற்று வைத்தியம் கிடையாது. எல்லாம் ஆறியதும் உப்பும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்த்து, எண்ணெயோடு கொரகொரப்பாக அரையுங்கள். மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று போதும், விழுதாகக் கூடாது.

இதைக் கட்டாயம் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடியுங்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டு வெளியில் கிடந்தால், காற்றில்லாத இடத்தில் வளர்கிற நச்சுக் கிருமிக்கு அது தோதான இடமாகிவிடும்.

படுக்கப்போகும் முன் பீன்ஸை ஊறப்போடுங்கள்.

4. முதல் நாள்: பீன்ஸும் பச்சை சால்சாவும்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டோடு குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். விரலில் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும். மெதுவாகச் சூடாகும் மின்சாரப் பாத்திரத்தில் பீன்ஸை நேரடியாக வேகவைக்க வேண்டாம். இந்த வகைப் பயறுகளில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு புரதம் உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். சிவப்பு ராஜ்மாவில் இன்னும் அதிகம்.

நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பழுப்பாகும் வரை வதக்கி, பீன்ஸையும் வெந்த தண்ணீரில் ஒரு கப்பையும் ஊற்றி மசியுங்கள். கடைசியில் உப்பு. இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள்: அடுப்பில் இருக்கும்போதே சரியான பதத்துக்கு வந்துவிட்டது என்று இறக்குவார்கள், ஆறியதும் கட்டியாகி, சிப்ஸை வைத்து எடுத்தால் சிப்ஸ் உடையும். தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே இறக்குங்கள். மீதி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள், மறுநாள் சூடாக்கும்போது வேண்டியிருக்கும்.

பச்சை சால்சாவுக்கு, தொமாத்தீயோவின் உறையை உரித்து, மேலே இருக்கும் பிசுபிசுப்புப் போகக் கழுவுங்கள். மூன்று செர்ரானோவோடு தண்ணீரில் போட்டு மெல்லக் கொதிக்க விடுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வர எட்டுப் பத்து நிமிடம் ஆகும். வெடிக்கும் முன் எடுத்துவிடுங்கள், வெடித்தால் சாறு தண்ணீரோடு போய்விடும். கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி தண்டோடு, உப்பு சேர்த்து அரையுங்கள். புகை வாசனை வேண்டுமென்றால் வேகவைக்காமல் தோசைக்கல்லில் சுட்டுக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு வேகவைப்பது சுலபம். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தால் பாகு மாதிரி இறுகும். தொமாத்தீயோவில் பெக்டின் இருப்பதால் அப்படி. கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சால்சாவிலும் பீன்ஸிலும் மல்லித்தூள், கரம் மசாலா, தாராளமாகச் சீரகம் என்று போட நம் கை தானாகப் போகும். போடாதீர்கள். இவற்றின் ருசி மிளகாய், வெங்காயம், உப்பு, எலுமிச்சை ஆகியவற்றில் மட்டும் நிற்கிறது. மசாலா சேர்த்தால் நாலு கிண்ணமும் ஒரே ருசியாகிவிடும்.

படுக்கும் முன் தொர்த்தியாக்களை ஆறு துண்டாக முக்கோணமாக வெட்டி, ஒரு துணியில் பரப்பி விடுங்கள். 30 தொர்த்தியாவுக்கு 180 துண்டு, ஆளுக்கு 15.

5. விருந்தன்று காலை: தொத்தோபோஸ்

இரவெல்லாம் காய்ந்த துண்டுகள் விளிம்பில் லேசாக வளைந்து நிற்கும். அதுதான் வேண்டும். ஈரமான தொர்த்தியாவைப் பொரித்தால் எண்ணெய் குடிக்கும், நடுவில் மெத்தென்று நின்றுவிடும். காயவைக்க மறந்திருந்தால் மிதமான ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள், உடனே சுற்றிலும் நுரை கட்டி மேலே வர வேண்டும். ஒரு முறைக்கு 15 துண்டுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் சூடு இறங்கிவிடும். நுரை அடங்கினால் ஈரம் போய்விட்டது, எடுத்துவிடலாம். சுமார் இரண்டு நிமிடம். முழுக்கப் பழுப்பாகக் காத்திருந்தால் ஆறும்போது கருகல் ருசி வரும்.

பொரித்து எடுத்த உடனே உப்பைத் தூவுங்கள். மேலே எண்ணெய்ப் பசை இருக்கும்போதுதான் ஒட்டும். அப்புறம் முறுக்குக்குச் செய்வது போலத்தான்: முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் மூடினாலும் உள்ளே வியர்த்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

கோதுமைச் சிச்சரோனை மட்டும் காலையில் பொரிக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். ஹூஸ்டன் போன்ற கடலோர ஊரில் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தாலே தளர்ந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் பொரியுங்கள், தொத்தோபோஸைவிட எண்ணெய் கொஞ்சம் கூடச் சூடாக இருக்கட்டும்.

6. மதியம் 3 மணி: பழமும் காயும்

மெக்சிகோத் தெருக்களில் பழவண்டிக்காரர்கள் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டுப் பழம் விற்பார்கள். மெரினாவில் கீறிய மாங்காய் தின்றவர்களுக்கு அந்த ருசியை விளக்க வேண்டியதில்லை.

ஹிக்கமா என்ற கிழங்கு பலகைக்கு மிகப் பொருத்தம். தண்ணீர்ச்சத்து உண்டு, ஆனால் ஒழுகாது, வெகு நேரம் கறுக்காது. தோலோடு அடியில் இருக்கும் நாரையும் சேர்த்துக் கத்தியால் தடிமனாக உரியுங்கள். தோல்சீவியில் மெல்ல உரித்தால் நார் நின்று வாயில் சக்கையாகும். விரல் பருமனில் குச்சிகளாக வெட்டி, எலுமிச்சை பிழிந்த ஐஸ் தண்ணீரில் 20 நிமிடம் போட்டு எடுங்கள்.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடு விதையைக் கரண்டியால் வழித்துவிட்டு வெட்டுங்கள். தண்ணீர் விடுவது விதைப்பகுதிதான். ஆரஞ்சைச் சுளையாகப் பிரிக்காமல் வட்டமாக நறுக்குங்கள். டிசம்பரில் மாம்பழம் நன்றாகக் கிடைக்காது, அன்னாசி போடுங்கள். தர்பூசணி போட்டால் கண்டிப்பாகத் தனிக் கிண்ணத்தில்.

வெட்டிய எல்லாவற்றையும் துணியில் ஒற்றி எடுத்து, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். தஹீனும் உப்பும் இப்போது வேண்டாம். உப்புப் பட்டதும் பழம் தண்ணீர் விடத் தொடங்கும், இரண்டு மணி நேரத்தில் சாறில் மிதக்கும்.

7. 5 மணி: கடைசியில் செய்ய வேண்டிய இரண்டு

முதலில் பிக்கோ தே கயோ. ஆறு தக்காளியின் விதையையும் சாறையும் நீக்கிப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு வடிகூடையில் 15 நிமிடம் வையுங்கள். வெள்ளை வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், கண்ணைக் கரிக்கும் காட்டம் குறையும். இரண்டு செர்ரானோ, அரைக் கப் கொத்தமல்லி, இரண்டு எலுமிச்சை. வடித்த தக்காளியோடு கலந்தால் முடிந்தது. செர்ரானோவுக்குப் பதில் நம் பச்சைமிளகாய் போடலாம். ஹலபேனோவை அளவாக வைத்துப் போட்டுவிடாதீர்கள், அது நம் மிளகாயைவிடச் சாது.

குவாக்கமோலே 5.30க்கு. மெக்சிகோவில் எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரலில் இடிப்பார்கள், பெயர் மோல்காஹேத்தே. வீட்டு இடிகல்லும் போதும். பாதி வெங்காயம், இரண்டு மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, கல் உப்பு இவற்றை முதலில் நன்றாக நசுக்குங்கள். அதன் மேல்தான் அவகாடோ. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மசித்தால் ஒரு வாயில் காரம், ஒரு வாயில் சப்பென்று இருக்கும். துவையலில் மிளகாயையும் உப்பையும் முதலில் அரைக்கிறோமே, அதே காரணம். அவகாடோவை விழுதாக்காமல் சிறு கட்டிகள் நிற்கும்படி மசியுங்கள். இரண்டு எலுமிச்சையைக் கடைசியில், ருசி பார்த்துப் பார்த்துப் பிழியுங்கள்.

கொட்டையை உள்ளே புதைத்து வைத்தால் கறுக்காது என்று பலர் நம்புகிறார்கள். கொட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும் கறுக்காது, அவ்வளவுதான். கறுப்பது காற்றுப் படுவதால். பிளாஸ்டிக் தாளைக் கிண்ணத்தின் வாயில் கட்டாமல், குவாக்கமோலேயின் மேல்பரப்பிலேயே ஒட்டும்படி அழுத்தி மூடுங்கள்.

8. அடுக்கும் வரிசை

5.40க்குத் தொடங்கினால் 20 நிமிடத்தில் முடியும்.

வாழையிலையை அடுப்புத் தீயில் லேசாக வாட்டி, ஈரம் துடைத்து விரியுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும்.

கிண்ணங்கள் முதலில், வெறுமையாக. வரிசையாக வைக்காமல் சிதறி வையுங்கள். வரிசையாக வைத்தால் எல்லோரும் ஒரே பக்கம் மொய்ப்பார்கள். குவாக்கமோலேயை இரண்டு கிண்ணமாகப் பிரித்து எதிரெதிர் மூலைக்குக் கொடுங்கள், முதலில் தீர்வது அதுதான். இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பீன்ஸ், இரண்டு சால்சா, பிக்கோ, வடித்த எஸ்கபேச்சே ஆகியவற்றை முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். பீன்ஸைச் சூடாக்கி, வெதுவெதுப்புக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்துச் சீஸ் வியர்க்கும்.

இரண்டாவது கேசோ ஃப்ரெஸ்கோ, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக. மூன்றாவது பழமும் காயும், சீஸுக்கு எதிர்ப்பக்கம். அன்னாசியைக் கண்டிப்பாகச் சீஸோடு சேர்க்காதீர்கள், அதிலுள்ள நொதி பால் புரதத்தைக் கரைத்துக் கசக்க வைக்கும். பழத்துக்கும் மற்றவற்றுக்கும் நடுவே ஒரு இலைத் துண்டை மடித்து வரப்பு மாதிரி நிறுத்துங்கள்.

நான்காவது மிளகாய்க் கடலை, இடைவெளிகளில். எலுமிச்சைத் துண்டுகள் ஓரங்களில்.

தொத்தோபோஸும் சிச்சரோனும் கடைசி. படுக்கவைத்துக் கொட்டாமல் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். நின்றால் இலையின் ஈரம் ஒரு விளிம்பில் மட்டும்தான் படும், எடுப்பதும் சுலபம். பாதியை மட்டும் வையுங்கள், மீதி டப்பாவிலேயே இருக்கட்டும். கோத்திஹாவை உதிர்த்துப் பீன்ஸ் மேல், தஹீன் பழத்தின் மேல், இரண்டும் விருந்தினர் காலணி கழற்றும்போது செய்ய வேண்டிய வேலை. கிண்ணத்துக்கு ஒரு கரண்டி போட மறக்காதீர்கள்.

இறைச்சி வைப்பதானால் தனித் தட்டு, தனி மேசை. ஒரே பலகையில் வைத்து இது சைவம், அது அசைவம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் சைவக்காரர்கள் எதையுமே தொடமாட்டார்கள். பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

அலங்காரத்துக்கு பாயின்செட்டியா பூ வைக்கத் தோன்றும். மெக்சிகோவிலிருந்து வந்த செடி, அங்கே அதன் பெயரே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பதுதான். மேசையில் ஜாடியில் வையுங்கள், பலகையில் வேண்டாம். அதன் பால் தோலுக்கும் வயிற்றுக்கும் எரிச்சல் தரும்.

9. மேசைக்கு வந்த பிறகு

வெளியில் வைத்த சீஸ், பீன்ஸ், குவாக்கமோலே, வெட்டிய பழம் இவற்றுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் திறந்தவெளியில் வைத்தால் ஒரு மணி நேரம். கிண்ணம் காலியாகும்போது பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள், கிண்ணத்தையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடியில் இருப்பது எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குடிக்க ஹமைக்கா தண்ணீர் பொருத்தம். புளிச்சகீரை இனத்துச் செடியின் காய்ந்த சிவப்புப் புல்லிகளை ஒரு கப் எடுத்து, எட்டுக் கப் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, சர்க்கரை போட்டுக் குளிரவையுங்கள். காலையிலேயே செய்துவிடலாம். துணியில் பட்டால் கறை போகாது, குழந்தைகளுக்கு மூடி போட்ட தம்ளரில் கொடுங்கள்.

10. தவறிவிட்டால்

அவகாடோ கல்லாகவே இருக்கிறதா? மைக்ரோவேவில் வைத்து மெத்தென்று ஆக்க முயலாதீர்கள், ருசி வராது. யுகத்தானின் சிக்கில் பாக் செய்துவிடுங்கள். ஒரு கப் பூசணி விதையை வெடிக்கும் வரை வறுத்து, சுட்ட தக்காளி இரண்டு, சுட்ட மிளகாய் ஒன்று, கொத்தமல்லி, எலுமிச்சை, உப்போடு கொரகொரப்பாக அரைத்தால் 15 நிமிடத்தில் தயார். போன வருடம் இப்படித்தான் செய்தேன், குவாக்கமோலே எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தொத்தோபோஸ் நமுத்தால் 175 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம், அப்புறம் முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போதுதான் கரகரப்பு திரும்பும். பச்சை சால்சா காரம் கூடிவிட்டால் பாதி அவகாடோவைப் போட்டு அரையுங்கள், தாக்கோ கடைகளில் கிடைப்பது போன்ற மிருதுவான சால்சாவாகிவிடும். குவாக்கமோலே மேலே கறுத்தால் கரண்டியால் வழித்து எடுங்கள், கலக்காதீர்கள்.

டப்பாவில் தொத்தோபோஸும் ஃபிரிட்ஜில் பச்சை சால்சாவும் மிஞ்சியிருந்தால் மறுநாள் காலைக்குத் தனியாக எதுவும் யோசிக்க வேண்டாம். வாணலியில் சால்சாவைக் கொதிக்கவைத்து, தொத்தோபோஸைப் போட்டு ஒரே ஒரு புரட்டுப் புரட்டி, பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே தட்டில் எடுத்து, மேலே பொரித்த முட்டையும் கோத்திஹாவும் வையுங்கள். பெயர் சிலாக்கீலஸ். பலகையில் நமுக்காமல் காப்பாற்றிய சிப்ஸை இதில் மட்டும் வேண்டுமென்றே நனைக்கிறோம்.